குடியை விட்டு இரண்டே முக்கால் ஆண்டுகள்: மைத்துனருக்கு உதவ நான் போகலாமா?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

நான் குடியை நிறுத்தி இரண்டு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் ஆகின்றன. கோவையில் ஒரு லேத் பட்டறையில் பணிபுரிகிறேன். பதினெட்டு ஆண்டுகள் குடித்தவன். அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் மகிழ்ச்சிக்காகக் குடிக்கவில்லை. காலையில் கைநடுக்கம் நின்றால்தான் மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க முடியும் என்பதற்காகக் குடித்தேன். மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாள்களும், அதன்பின் ஞாயிறுதோறும் விடாமல் சென்றுவரும், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும்தான் என்னை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

என் மனைவியின் தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். இப்போது வாரத்தில் மூன்று நாள் வண்டி எடுத்தாலே பெரிது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முதல்நாள் இரவே ஒரு குவாட்டரை வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். யாரும் சொல்லி இதை நான் அறியவில்லை. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன் என்பதால் தேடிப் பார்த்தேன், இருந்தது.

"நீங்கள் விட்டவர், மாப்பிள்ளை. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சென்ற சனிக்கிழமை இரவு பத்து மணியாகியும் மைத்துனர் வீடு திரும்பாததால், அவரை அழைத்துவர நானே கடைக்குப் பக்கத்தில் உள்ள பாருக்குள் சென்றேன். பத்து நிமிடம்தான் நின்றிருப்பேன். அந்த வாடையும், பிளாஸ்டிக் தம்ளர்களும், ஊறுகாய் பாக்கெட்டும் என்னை என்ன செய்தன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: நாவில் நீர் ஊறியது. அன்றிரவு முழுவதும் நான் உறங்கவில்லை.

வீட்டில் இப்போது மூன்று யோசனைகள் ஓடுகின்றன. கார்த்திகை முதல் நாள் அவருக்கு மாலை போட்டுவிட்டால் தானாக நின்றுவிடும் என்கிறார் மாமியார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஓர் உறவினர் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். வண்டியோடு நான்கு பேர் வந்து தூக்கிச் சென்றுவிடும் குடிமீட்பு இல்லம் ஒன்றைத் தமக்குத் தெரியும் என்கிறார் பெரிய மாமனார்.

இவற்றில் எது சரி? என்னைக் கைதூக்கிவிட்டவர்களுக்கு நான் பட்ட கடனை இவர் வழியாகத் தீர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஆனால் அந்த ஆசையே என்னைத் திரும்ப உள்ளே இழுத்துவிடுமோ என்ற அச்சமும் அதே அளவுக்கு இருக்கிறது.


கருங்கல்பாளையம்

ஐயா, நான் குடிக்காமல் இருக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மைத்துனரைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பாருக்குள் இனி எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். அவர் அங்கே விழுந்து கிடக்கிறார் என்று தகவல் வந்தாலும் குடிக்காத வேறொருவரை அனுப்புங்கள். நாவில் நீர் ஊறியதை நீங்கள் எங்களிடம் சொன்னது நல்லது. அதை உங்கள் ஸ்பான்சரிடம், அதாவது கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்தவரிடம், இன்றே நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். ஏனென்றால் அந்த ஆசையை உள்ளே பூட்டி வைத்தவர்களைத்தான் நான் இழந்திருக்கிறேன்.

உங்கள் அச்சத்துக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்கத்திலேயே விடை இருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வணிக முயற்சி ஒன்று முறிந்துபோன நிலையில், பின்னர் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் ஒரு விடுதியின் முன்கூடத்தில் தனியாக நின்றிருந்தார். அவர் குடியை நிறுத்தி அப்போது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஐந்து மாதங்களில் அவர் எத்தனையோ குடிநோயாளிகளைத் தேடிச் சென்று பேசியிருந்தார், ஒருவர்கூட நிறுத்தவில்லை. அவர் மனம் சோர்ந்தபோது, மற்றவர்கள் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று சுட்டிக்காட்டியவர் அவருடைய மனைவி லோயிஸ். உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு, இது நோய் என்பதை முதலில் சொல்லுங்கள் என்று அறிவுறுத்தியவர் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சில்க்வொர்த். விடுதியின் மதுக்கூடம் அழைத்த அந்த மாலையில், தன்னைப் போன்ற இன்னொருவரிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று உணர்ந்த வில்சன், தொலைபேசியில் பலரை விசாரித்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால்மணி நேரம் மட்டுமே ஒதுக்குவேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் அமர்ந்திருந்தார். வந்தவர் தனக்குப் புத்தி சொல்லாமல், தான் பட்டதைச் சொன்னதுதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தது. அந்தச் சந்திப்புக்குப் பிறகும் ஸ்மித் ஒருமுறை மாநாடு ஒன்றுக்குச் சென்ற இடத்தில் குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளைத்தான் நாம் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆகவே நீங்கள் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் தனியாகப் போகாதீர்கள். குடியை விட்ட இன்னொருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். போதை ஏறிய நேரத்தில் பேசாமல், காலையில் நடுக்கமும் வெட்கமும் சேர்ந்திருக்கும் வேளையில் சென்று, "நீ" என்று தொடங்கும் வாக்கியங்களை முற்றிலும் தவிர்த்து, உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். இருக்கைக்கு அடியில் குவாட்டரைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். நான் எங்கே ஒளித்து வைத்தேன் என்று சொல்லுங்கள். அதன்பின் அவர் கேட்கும் வரை பேசாமல் இருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் நிறுத்திய இரண்டாம் ஆண்டில் என் நண்பர் ஒருவரைக் காப்பாற்றியே தீருவேன் என்று எட்டு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். அவருடைய கடனைக்கூட நான் அடைத்தேன். அவர் இறந்துபோனார். அதை என் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பதினோரு நாள் குடித்தேன். நான் மேலே சொன்ன பதினான்கு ஆண்டுகள் அதற்குப் பிறகு எண்ணியவை. அவர் நிறுத்துவதும் நிறுத்தாததும் உங்கள் கையில் இல்லை என்பதைப் புறப்படும் முன்பே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.


இரவுப்பணி

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் குடிநோய் மீட்புப் பிரிவில் மனநலச் செவிலியாகப் பல ஆண்டுகள் பணியாற்றுகிறேன். மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் முதல் ஒரு வாரம் தோழர்களுக்கு உரியதன்று, மருத்துவருக்கு உரியது. காலையில் கை நடுங்கி, குடித்த பின் அது நிற்கிறது என்றால், உடல் மதுவைச் சார்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தபடி ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாலை போடுவதைப் பற்றி நான் மிகுந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். அந்த 41 நாள் விரதத்தில் தொடங்கி இன்றுவரை குடிக்காதவர்களை நான் அறிவேன். ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும், மாலை போட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு கண்டு, கழுத்தில் துளசிமணியோடு எங்கள் பிரிவுக்குத் தூக்கிவரப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும் நிலை வரும். இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார்கள், இல்லாத குரலுக்குப் பதில் சொல்வார்கள். பலர் தம் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள்: தையற்காரர் போர்வையை மடித்துத் தைப்பார், ஓட்டுநர் கட்டிலில் அமர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலையில் மரணம் நேரக்கூடும். மருத்துவமனையில் டயாசிபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து இதைக் கடக்க வைக்கிறார்கள். அதன்பின் அவர் மாலை போட்டுக்கொள்ளட்டும்; மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டால் எங்களுக்கும் மகிழ்ச்சியே.

சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு ஏற்படலாம். அவர் குடிப்பவர் என்பதை எந்த மருத்துவரிடமும் மறைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிரமாக இருக்கும். அது நல்ல மருந்து. ஆனால் அறிந்தும் உடன்பட்டும், கல்லீரல் பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் உட்கொள்ள வேண்டிய மருந்து. அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும்; உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை அதன் விளைவு நீடிக்கக்கூடும். தெரியாமல் கலப்பவர் அவருடைய தாயாகவே இருந்தாலும், அது விஷம் வைப்பதற்குச் சமம் என்றே நான் சொல்வேன். அந்த மாத்திரைகளை இன்றே அப்புறப்படுத்துங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

தூக்கிச் செல்லும் இல்லத்துக்கு உறுதியாக மறுத்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. அதன்படி இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டி வைப்பதும் அடிப்பதும் குற்றம். அவருடைய விருப்பமின்றிச் சேர்க்க வேண்டிய சூழலுக்கும் மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்துப் பின்பற்ற வேண்டிய முறை அச்சட்டத்திலேயே இருக்கிறது. எங்கே செல்வது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச்சார்பு உள்ள 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவரை எங்கள் வாசல் வரை கூட்டிவருபவர் பெரும்பாலும் உங்களைப் போல் விட்டவராகவே இருப்பதை நான் பார்த்துவருகிறேன்.


மல்லிகைப்பந்தல்

சகோதரர் எழுதியதை மூன்று முறை படித்தேன். மாமியார் இருக்கிறார், பெரிய மாமனார் இருக்கிறார், மாத்திரை வாங்கிய உறவினரும் இருக்கிறார். உங்கள் மைத்துனருக்குத் திருமணம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால், அவருடைய மனைவியைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லையே?

நான் திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் இருமுறை விட்டு இருமுறையும் சறுக்கினார். அந்தக் காலம் முழுவதும் என் புகுந்த வீட்டில் நடந்த கூட்டங்களில் என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது நடுக்கம் வருகிறது, எந்த நாளில் நல்ல மனநிலையில் இருக்கிறார், யாருடைய அழைப்பு வந்தால் வெளியே கிளம்புகிறார் என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரியும். மருத்துவர் முதல் நாளில் கேட்ட கேள்விகளில் பாதிக்கும் மேல் நான்தான் விடை சொன்னேன்.

அப்போது எனக்கு ஆலோசகர் சொன்னவை இவை. குடித்திருக்கும்போது சண்டையிடாதே, கெஞ்சாதே. ஆனால் குடிக்காத ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட அந்த நேரத்தில் அருகில் இரு, பிடித்ததைச் சமைத்துக் கொடு. அவருக்காகப் பொய் சொல்லாதே; காய்ச்சல் என்று நீ விடுப்புக் கடிதம் எழுதுவதை நிறுத்து. கையில் பணம் கொடுக்காதே. பால்காரருக்கும் பள்ளிக்கும் நீயே நேராகக் கட்டு. கை ஓங்கினால் குழந்தைகளோடு வெளியேற ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வை. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் செய்தேன், அதற்குப் பிறகுதான் எனக்கு மற்றவற்றைச் செய்யும் துணிவு வந்தது.

இது வெறும் அனுபவப் பேச்சு அன்று. குடும்பத்தாருக்கு இவ்வகைப் பயிற்சி அளிப்பதை மற்ற வழிகளோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்தவரைச் சம்மதிக்க வைத்தார்கள். உறவினர் அனைவரும் கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் அது 30 விழுக்காடாகவே இருந்தது. ஊரைக் கூட்டி அவமானப்படுத்தினால் திருந்துவார் என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி இயக்கம் இருக்கிறது. உங்கள் மனைவியும் அவருடைய தம்பி மனைவியும் சேர்ந்து செல்லட்டும். அவர் குடிப்பாரா மாட்டாரா என்ற ஒரே கேள்விக்குள் அடைபட்டுப்போன என் வாழ்க்கை, அங்கே மற்ற பெண்களோடு அமர்ந்த பிறகுதான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.


நொய்யல்கரை

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் அம்மா கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். மைத்துனருக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். மைத்துனரின் மனைவியான தங்கையைப் பற்றி எழுதவே எனக்குத் தோன்றவில்லை என்பது, நான் குடித்த காலத்தில் என் மனைவியை எந்த இடத்தில் வைத்திருந்தேன் என்பதையும் எனக்குக் காட்டிவிட்டது. அந்தப் பதிவை என் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், மறுநாள் காலையில் தம்பி மனைவியைப் பார்க்கத் தனியாகச் சென்றுவந்தார். அந்த இருக்கைக்கு அடியில் எத்தனை நாளாகக் குவாட்டர் இருக்கிறது என்பது தங்கைக்குத் தேதியோடு தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துச் செல்வதற்காக மட்டும் அவர் காலையில் குறைவாகக் குடிப்பார் என்பதையும் சொன்னார்.

அந்த உறவினரிடமிருந்த மாத்திரைகளை என் மனைவி கேட்டு வாங்கிவந்துவிட்டார். இல்லத்தைப் பற்றிப் பேச்செடுத்த பெரிய மாமனாரிடம் சட்டத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் கூட்டத்தில் எனக்கு மூத்தவர் ஒருவரோடு சென்றேன். திட்டமிட்டபடி என் கதையை மட்டும் சொன்னேன். மைக்ரோமீட்டர், டேங்க் கவரில் வைத்த குவாட்டர், மகனின் உண்டியலை உடைத்த நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். நாங்கள் எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: "மாமா, ராத்திரியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி உங்களுக்கும் கேட்டதா?" கேட்டது என்று சொன்னேன். நான்கு நாள் கழித்துத் தங்கையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எனக்குத் தகவல் சொன்னது அதன்பிறகுதான்.

இன்று ஐந்தாம் நாள். மூன்றாம் நாள் இரவு அவர் கட்டிலில் அமர்ந்து வண்டி ஓட்டினாராம். செவிலி அம்மா எழுதியதைப் படித்திருந்ததால் தங்கை அஞ்சாமல் மருத்துவரை அழைத்திருக்கிறார். நேற்று முதல் தெளிவாகப் பேசுகிறார், இட்லி சாப்பிடுகிறார். மாலையை இந்த ஆண்டு போடுவதா அடுத்த ஆண்டா என்று மருத்துவரிடம் மாமியாரே கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருடைய வீட்டிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் இரண்டு கடைகள் இருக்கின்றன. முதல் மாதத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லுங்கள்.


கருங்கல்பாளையம்

வண்டியை ஒரு மாதத்துக்கு உங்கள் பட்டறைக்கு அருகில் நிறுத்தச் சொல்லுங்கள்; கடைகள் இல்லாத வழியாக அவர் நடந்துவரட்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் உங்களையோ அந்த மூத்தவரையோ அழைக்க வேண்டும் என்று இருவருடைய எண்களையும் ஒரு தாளில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வையுங்கள், கைபேசியில் மட்டும் வைத்தால் போதாது. மருந்தைத் தங்கை எடுத்துக் கொடுக்கட்டும், ஆனால் கேட்டு வாங்க வேண்டியது அவர்தான். கையில் பணம் வரும் நாள் மாலையில் அவர் தனியாக இருக்கக் கூடாது. ஒருவேளை சறுக்கினால், அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். மறுநாள் காலை நீங்கள் வழக்கம்போல் தேநீரோடு போய் நில்லுங்கள்.

அவர் வீட்டுக்கு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஈரோட்டிலிருந்து காலை வண்டியில் வருகிறேன். மூவருமாகக் கூட்டத்துக்குச் செல்வோம். அவர் பேச வேண்டியதில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.